சோத்தைக் குறைக்கிறதுக்கு முன்னாடி மாத்திரை அட்டையை எடு

தங்கச்சி, சோத்தைக் குறைச்சுக் கொழுப்பைக் கூட்டுற கீட்டோ சாப்பாடு ஆரம்பிக்கப் போறேன்னு சொல்லிட்டு, எத்தனை முட்டை, எந்த வெண்ணெய், என்ன பவுடர் வாங்கணும்னு வரிசையா கேட்டிருக்க. எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ தினமும் போடுற மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து வெளிச்சத்துல வை.

அட்டையில கம்பெனி வச்ச பேரு பெருசா இருக்கும். அதை விட்டுட்டு, கீழே பொடி எழுத்துல இருக்கிற மருந்துப் பேரைப் படி. கண்ணு தெரியலைன்னா போன்ல படம் எடுத்துப் பெருசாக்கிப் பாரு. மெட்ஃபார்மின்னு மட்டும் இருந்தா பெரிய பயம் இல்லை. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு இதுல ஒண்ணு இருந்தா நிதானி. அந்த மாத்திரை எல்லாம் நீ மூணு வேளையும் சோறோ இட்லியோ சாப்பிடுவேங்கிற கணக்குல கொடுத்தது. சோத்தை நிறுத்திட்டு மாத்திரையை மட்டும் போட்டா சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிரும். கை நடுங்கும், குப்புன்னு வேர்க்கும், கண்ணு இருட்டும். இன்சுலின் போடுறவங்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியது டாக்டர். சோத்தைக் குறைக்கிற அன்னைக்கே அதுவும் குறையணும், ஒரு வாரம் கழிச்சு இல்லை.

இன்னொரு வகை இருக்கு. பேரு 'ஃப்ளோசின்'னு முடியும்: டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின். இப்ப விலை குறைஞ்சதால நிறைய பேருக்கு எழுதிக் கொடுக்குறாங்க. நல்ல மருந்துதான், சர்க்கரையை மூத்திரத்துல இறக்கி விட்டுரும். ஆனா இதோட கீட்டோ சேரவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா ரத்தத்துல கீட்டோன் ஏறி அமிலமாகுற ஆபத்து இருக்கு. அமெரிக்காவுல மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015லயே இந்த மாத்திரைகளைப் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு. இதுல மோசம் என்னன்னா, மிஷின்ல பார்த்தா சர்க்கரை 150, 180ன்னுதான் காட்டும். 'நார்மலாத்தானே இருக்கு'ன்னு வீட்டுலயே படுத்துக் கிடப்போம். வாந்தி, வயித்து வலி, மூச்சு வேகமா வாங்குறது, தாங்க முடியாத அசதி, இப்படி இருந்தா மிஷின் என்ன காட்டுனாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. போனதும் மாத்திரை பேரையும், சோறு நிறுத்துன விஷயத்தையும் நீயே வாயைத் திறந்து சொல்லணும். அவங்களா கேட்பாங்கன்னு இருக்காத.

பிரஷர் மாத்திரையும் கணக்குல சேரும். மாவுச்சத்தைக் குறைச்சதும் உடம்புல இருந்து உப்பும் தண்ணியும் வேகமா வெளியேறும், பிரஷர் தானா இறங்கும். அதுக்கு மேல பழைய அளவு மாத்திரையும் போட்டா, காலையில கட்டில்ல இருந்து எந்திரிக்கும்போதே தலை சுத்தும்.

2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசுத் திட்டத்துல வீட்டு வாசலுக்கே மாத்திரை வருது. கொண்டு வர்றவங்ககிட்ட அட்டையை வாங்கிட்டுச் சும்மா அனுப்பிராத. 'நான் சாப்பாட்டை மாத்தப் போறேன், டாக்டரைப் பார்க்கணும்'னு சொல்லி வை. ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளு. இ.எஸ்.ஐ. கார்டு இருந்தா சிவகாசி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கு. 2022ல திறந்த மருத்துவக் கல்லூரி விருதுநகர்லயே இருக்கு. நம்ம ஊரு ஆனைக்குட்டத்துல இருந்து மதுரைக்கு ஓட வேண்டிய காலம் எல்லாம் போயிருச்சு.

டைப் 1 சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஈரல் கோளாறு, முன்னாடி கணையத்துல வீக்கம் வந்தவங்க, பால் கொடுக்குறவங்க, மாசமா இருக்குறவங்க இவங்க யாரும் தன் இஷ்டத்துக்குக் கீட்டோவுல இறங்கக் கூடாது. பித்தப்பை எடுத்தவங்களும் கேட்டுட்டுத்தான்.

எங்க இருந்து வந்துச்சு இது

கீட்டோ உடம்பு மெலியுறதுக்காகப் பிறந்ததே இல்லை. 1921ல அமெரிக்காவுல மேயோ கிளினிக் டாக்டர் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக யோசிச்சது. பட்டினி கிடந்தா வலிப்பு குறையுதுன்னு தெரிஞ்சிருந்துச்சு. எத்தனை நாள் பட்டினி போடுறது? அதனால, சாப்பிட்டுக்கிட்டே பட்டினி கிடக்குற மாதிரி உடம்பை நம்ப வைக்க, கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சுப் பார்த்தாங்க. இன்னைக்கும் மருந்துக்கு அடங்காத வலிப்பு இருக்கிற பிள்ளைகளுக்கு டாக்டர் மேற்பார்வையில இதைக் கொடுக்குறாங்க.

நம்ம தமிழ்நாட்டுக்கு இது வந்தது பேலியோங்கிற பேர்ல. நியாண்டர் செல்வன் எழுதுன 'பேலியோ டயட்' புத்தகமும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு'ங்கிற முகநூல் குழுவும்தான் 'காலையில பட்டர் டீ, மத்தியானம் நூறு பாதாம்' கணக்கை வீட்டுக்கு வீடு கொண்டு போச்சு. அந்தக் குழுவுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு: முதல்ல ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டு, அப்புறம்தான் சாப்பாட்டு அட்டவணைன்னு நின்னாங்க. இப்ப போன்ல அரை நிமிஷ வீடியோவுல கீட்டோ சொல்றவங்க அந்த ஒரு படியை மட்டும் தாண்டிப் போயிர்றாங்க.

என்ன டெஸ்ட்? வெறும் வயித்துச் சர்க்கரை, மூணு மாசச் சராசரி காட்டுற எச்.பி.ஏ1சி, கொழுப்பு அளவு முழுசா, கிரியேட்டினின், ஈரல், யூரிக் அமிலம், தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி. இதுல ஹீமோகுளோபினை விட்டுராத. நம்ம நாட்டுப் பொம்பளைகளுக்கு மாதவிடாய் நிக்குற வயசு சராசரியா 46, 47. அதுக்கு முந்தி ரெண்டு மூணு வருஷம் சில பேருக்கு ரத்தப்போக்கு அதிகமா இருக்கும். அசதிக்குக் காரணம் அதுவா இருக்கும். நீ பாவம் இட்லியைத் திட்டிக்கிட்டு இருப்ப. கொழுப்பு அளவை மூணு மாசம் கழிச்சு மறுபடி பாரு. கீட்டோவுல டிரைகிளிசரைடு நிறைய பேருக்கு இறங்கும், ஆனா சில பேருக்கு எல்.டி.எல். கன்னாபின்னான்னு ஏறிரும். யாருக்கு ஏறும்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தூக்குவாளிக்குள்ள என்ன இருக்கு

நாம வேலை பார்க்குற பட்டாசு ஆலையில, அதான் பயர் ஆபீஸ்ல, மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தா கழுத்து வரைக்கும் சோறு. நடுவுல கையால ஒரு குழி பண்ணி அதுல புளிக்குழம்பு. மூடியில உருளைக்கிழங்கோ வாழைக்காயோ வெஞ்சனம். முட்டை இருந்தா அது மகனுக்குப் போயிருக்கும். கூட்டிப் பாரு: 300 கிராம் சோத்துல மாவுச்சத்து 80 கிராமுக்கு மேல, கிழங்கையும் சேர்த்தா 100ஐத் தொட்டுரும். புரதம் 10 கிராம் வர்றதே கஷ்டம். 60 கிலோ எடை இருக்கிற உனக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்குப்படி ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் வேணும். அது எங்க இருந்து வரும்?

இது உன் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2025ல வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் (ICMR–INDIAB) ஆய்வுல, நாம சாப்பிடுற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்தும், 12 சதவீதம்தான் புரதத்துல இருந்தும் வருதுன்னு சொல்லியிருக்காங்க. அதுல 5 சதவீத மாவுச்சத்தை எடுத்துட்டு பருப்புப் புரதமோ பால் புரதமோ வச்சாலே சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு குறையுதாம். வெறும் 5 சதவீதம்.

கீட்டோன்னா ஒரு நாளைக்கு மாவுச்சத்து 50 கிராமுக்குள்ள, கறாரா இருக்கிறவங்க 20 கிராம். அதாவது ஒரு கிண்ணம் சோத்தோட அன்னைக்குக் கணக்கு முடிஞ்சிரும். என்னைக் கேட்டா, நம்மள மாதிரி வேலைக்குப் போற, பத்துப் பேருக்குப் பொங்கிப் போடுற பொம்பளைக்குக் கறார் கீட்டோ ரொம்ப நாள் தாங்காது. 100 கிராமுக்குப் பக்கத்துல நிக்குற 'குறை மாவு' சாப்பாடு தாங்கும். ரேஷன்ல அரிசி சும்மா வருது. முட்டைக்கும் பன்னீருக்கும் கோழிக்கும் காசு வேணும். இந்த உண்மையைச் சொல்லாம கீட்டோ சொல்றவங்க எல்லாம் சம்பளத்தை வேற இடத்துல வாங்குறவங்க.

சரி, நீ கறாராவே போறேன்னு வச்சுக்குவோம். காலையில நல்லெண்ணெயில சின்ன வெங்காயம் போட்டு மூணு முட்டை, கூடவே முருங்கைக்கீரை வதக்கல். மூணு முட்டையில புரதம் 18 கிராம் வந்துரும். மத்தியானம் கோழியோ மீனோ 150 கிராம், புடலங்காய், பீர்க்கங்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், முட்டைகோஸ் இதுல ஒண்ணு தட்டுல பாதி, ஒரு கரண்டி தயிர். நம்ம ஆனைக்குட்டம் அணையில தண்ணி கிடந்து மீன் வந்தா கெண்டை வாங்கு, கடல் மீன்தான் வேணும்னு இல்லை. சாயங்காலம் சீனி போடாத டீ, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. பேலியோக்காரங்க கடலையைச் சேர்க்க மாட்டாங்க, கீட்டோ கணக்குல அளவாச் சேர்க்கலாம்: 30 கிராம் கடலையில புரதம் 7 கிராமுக்கு மேல, மாவுச்சத்து 5 கிராம்தான். நூறு பாதாம் வாங்கக் காசில்லையேன்னு ஏங்காத. ராத்திரி பன்னீர் 100 கிராம், இல்லாட்டி மறுபடி முட்டை.

எண்ணெய்க்கு நாம அலைய வேண்டியதே இல்லை. விருதுநகர் சந்தையே எண்ணெய்ச் சந்தை. நல்லெண்ணெய், கடலெண்ணெய் போதும், தேங்காயெண்ணெய் கொஞ்சம். கொழுப்பு சாப்பிடலாம்னு சொன்னாங்கன்னு டீயில வெண்ணெயைக் கரண்டி கரண்டியா அள்ளிப் போட்டா எடை அப்படியேதான் நிக்கும். பசி அடங்குற அளவுக்குத்தான் கொழுப்பு.

பொரிச்ச புரோட்டாவுல எண்ணெய் நிறைய இருக்கே, கீட்டோவுல சேருமாக்கான்னு ஒருத்தி கேட்டா. மைதாவும் எண்ணெயும் ஒண்ணாச் சேர்றதை விட உடம்புக்குக் கேடு வேற இல்லை, தாயி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பால்தானேன்னு கேட்டவளும் உண்டு. பாலோட சீனியும் சேர்ந்துதான் அந்த ருசி. சாத்தூர் காராச்சேவு கடலை மாவு, கூட அரிசி மாவு. ஒரு பொட்டலம் பிரிச்சா யாரு பாதியில மடிச்சு வைக்குறா?

இருக்கன்குடிக்கு ஆடிக் கடைசி வெள்ளி போற அன்னைக்குக் கறியைச் சாப்பிடு, சோத்தை ஒரு கை அளவுக்கு வாங்கிக்கோ. 'டயட்டு'ன்னு சொன்னா ஆளாளுக்கு உபதேசம் பண்ணுவாங்க. 'டாக்டர் சொல்லியிருக்காரு'ன்னு சொல்லு, வாய் மூடிரும்.

வெயிலும் சீசனும்

இந்தப் பகுதியை எந்தக் கீட்டோ புத்தகமும் உனக்கு எழுதித் தராது. முதல் வாரம் தலைவலி, அசதி, எரிச்சல், கெண்டைக்கால்ல சதை பிடிச்சு இழுக்குறது, மலச்சிக்கல் எல்லாம் வரும். கல்லீரல்லயும் சதையிலயும் சேர்த்து வச்சிருக்கிற சர்க்கரை கரையும்போது அதோட பிடிச்சிருந்த தண்ணியும் போகும், ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணி. முதல் வாரத்துல ரெண்டு கிலோ குறைஞ்சிட்டேன்னு குதிக்கிறது எல்லாம் பெரும்பாலும் அந்தத் தண்ணிதான். தண்ணியோட உப்பும் போறதாலதான் சதை பிடிக்குது.

பட்டாசு மருந்து புழங்குற ரூம்ல மின்விசிறி கிடையாது. தகரமோ ஓடோ, சித்திரை வெயில்ல உள்ள இருந்தா சும்மாவே உப்பு வடியும். அங்க உட்கார்ந்து திரி வைக்கிறவளோ மருந்து செலுத்துறவளோ கண்ணு இருட்டிச் சாய்ஞ்சா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லவா வேணும்? நீ பேக்கிங் செட்ல இருக்க, இருந்தாலும் சொல்றேன்: பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் ஆரம்பிக்காத. தீபாவளிக்கு முந்தின ரெண்டு மாசமும் வேண்டாம். பீஸ் ரேட்டுக்கு ஓடுற நேரத்துல யாரும் தண்ணி குடிக்க எந்திரிக்கிறது இல்லை. தீபாவளி முடிஞ்சு ஆபீஸ் மூடிக் கிடக்கிற நாட்கள்தான் தோது. ஆரம்பிக்கிற ஒரு வாரமும் வீட்டுல இருக்கிற மாதிரி பார்த்துக்கோ.

பிரஷர், இதயம், சிறுநீரகம் எதுலயும் கோளாறு இல்லாதவங்க ஒரு டம்ளர் எலும்பு சூப்போ, உப்புப் போட்ட மோரோ காலையும் மாலையும் குடிக்கலாம். கோளாறு இருக்கிறவங்களுக்கு உப்பு எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும். தண்ணி குறைஞ்சா நம்ம வெயிலுக்குக் கல்லடைப்பு வரும். கீட்டோ அந்த ஆபத்தை இன்னும் கூட்டும். ஏற்கெனவே கல்லு வந்தவங்க யோசிச்சு இறங்கணும்.

கடலையை மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டு வேலைக்கு நடுவுல கொறிக்கிறதை விட்டுரு. கையில அலுமினியத் தூளும் கந்தகமும் ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டு நகக்கண்ணு வரைக்கும் கழுவிட்டு வெளியே வந்து சாப்பிடு.

டப்பா வாங்குறதுக்கு முன்னாடி

நாற்பது தாண்டுனா நம்ம வீட்டுக்கு ரெண்டு பேரு தேடி வருவாங்க. ஒருத்தர் இன்சூரன்ஸ். இன்னொருத்தர் சொந்தக்காரர், கையில புரோட்டீன் டப்பா. நெட்வொர்க் கம்பெனி. வாங்கலைன்னா முகம் சுளிப்பாங்களேன்னு வாங்கிருவோம். ரெண்டாயிரம் ரூபா போகும். டப்பாவைத் திருப்பி ஒரு தடவைக்கு எத்தனை கிராம் புரதம்னு பாரு. சிலதுல 8, 10 கிராம்தான் இருக்கும், மீதி மால்ட்டும் சீனியும். ரெண்டு முட்டையில 12 கிராம் இருக்கு. 2024ல ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட உணவு வழிகாட்டியே புரதப் பவுடர் பக்கம் போக வேண்டாம், சாப்பாட்டுல இருந்தே எடுன்னுதான் சொல்லுது. வாங்கியே தீரணும்னா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கான்னாவது பார்த்து வாங்கு. அந்த எண் இருந்தா உரிமம் வாங்கின கம்பெனின்னு அர்த்தம், உன் உடம்புக்கு ஒத்து வரும்னு அர்த்தம் இல்லை.

டெஸ்ட்ல குறைன்னு வந்தா மட்டும் மாத்திரை. அதையும் போடுற விதம் இருக்கு.

வைட்டமின் டி 60,000 யூனிட் சாஷே வாரத்துக்கு ஒண்ணு, டாக்டர் சொன்ன வாரம் வரைக்கும்தான். நல்லா இருக்கேன்னு வருஷக்கணக்கா போட்டா ரத்தத்துல கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதை வெறும் வயித்துல போடாம, கொழுப்பு இருக்கிற சாப்பாட்டோட போடு.

பி12: மெட்ஃபார்மின் பல வருஷமா போடுறவங்களுக்குக் கண்டிப்பா குறையும்னு இல்லை, ஆனா நிறைய பேருக்குக் குறையும். கால் மரத்துப் போறது, ஊசி குத்துற மாதிரி இருக்கிறது எல்லாத்தையும் சர்க்கரை மேல போட்டுராம இதையும் பாரு.

இரும்புச் சத்து மாத்திரையை டீயோட முழுங்காத. முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரம் டீ கூடாது. எலுமிச்சைச் சாறோட போட்டா நல்லா சேரும். கால்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்துல போடாத. தைராய்டு மாத்திரை போடுறவங்க அது ரெண்டையும் நாலு மணி நேரம் தள்ளிப் போடணும். அப்ப இப்படி வச்சுக்கோ: விடிஞ்சதும் தைராய்டு, மத்தியானம் இரும்பு, ராத்திரி சாப்பாட்டோட கால்சியம்.

மாதவிடாய் நின்னவங்களுக்குக் கால்சியம் ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் தேவை. கீட்டோவுல கேப்பைக்கூழு போயிரும், அதோட நல்ல கால்சியமும் போயிரும். அந்த இடத்தை 100 கிராம் முருங்கைக்கீரை (300 மில்லிகிராமுக்கு மேல), தயிர், எள்ளு, முள்ளோட சாப்பிடுற நெத்திலி வச்சு நிரப்பு. மீதிக்குத்தான் மாத்திரை.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் போடுறவ, ரத்தம் கொடுக்குறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி நிறுத்து. தைராய்டு ரிசல்ட்டையும், மாரடைப்புக்குப் பார்க்கிற டிரோபோனின் ரிசல்ட்டையும் அது தப்பாக் காட்ட வைக்கும். அஸ்வகந்தா நம்ம நாட்டு மூலிகைதானேன்னு நினைக்காத. சிலருக்கு ஈரலைப் பாதிச்சிருக்கு, தைராய்டு அளவையும் ஏத்தும். கீட்டோ கம்மி மிட்டாய், ஃபேட் பர்னர், கீட்டோன் பவுடர் இது எல்லாத்துக்கும் ஒரே பதில்: வேண்டாம். வெளியில இருந்து கீட்டோன் குடிச்சா ரத்தத்துல கீட்டோன் ஏறும், தொப்பையில இருக்கிற கொழுப்பு அது பாட்டுக்கு இருக்கும்.

எடை குறையும்போது சதையும் சேர்ந்து குறையும், இந்த வயசுல அது திரும்பி வர்றது பாடு. கையைப் பிடிக்காம நாற்காலியில இருந்து எந்திரிச்சு உட்காரு, ஒரு நேரத்துக்குப் பத்து தடவை, காலையும் சாயங்காலமும். தண்ணிக் குடத்தைத் தூக்குறதை உடற்பயிற்சின்னு சொல்லி ஏமாத்தாத, அது இடுப்பு வலிக்குத்தான் வழி.

கடைசியா, நிறுத்துற விதம். நிறைய பேரு ஒரு கல்யாண வீட்டுல இலை போட்டதும் நிறுத்திருவாங்க. மறுநாள்ல இருந்து பழைய அளவு சோறு. டாக்டர் குறைச்ச மாத்திரை அப்படியே குறைஞ்சே இருக்கும், சர்க்கரை 300க்குப் போய் நிக்கும். நிறுத்தணும்னு தோணுனா மத்தியானம் மட்டும் ஒரு கரண்டி சோறு சேரு, அடுத்த வாரம் இன்னொரு கரண்டி. மாத்திரையைப் பழையபடி கூட்டணுமான்னு டாக்டர்கிட்ட கேளு. அதுவரைக்கும் காலையில வெறும் வயித்துல ஒரு தடவை, சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை சர்க்கரையைப் பார்த்து, காலண்டர்ல அந்தந்தத் தேதிக் கட்டத்துலயே எழுதி வை.